ஸெல் அம் ஸே: 76 வயது அப்பாவைச் சின்ன விமானத்தில் ஏற்றலாமா?

ஜாலான்காயு மகள்:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஆஸ்திரியா போகிறோம். மியூனிக் வரை விமானம், அங்கிருந்து சால்ஸ்பர்க் வழியாக ரயிலில் ஸெல் அம் ஸே. ஆறு இரவு தங்குகிறோம். மகளுக்குப் பனிச்சறுக்கு வகுப்பு, கணவருக்குப் பக்கத்து ஊர் காப்ரூனில் இருக்கும் வெந்நீர்க் குளங்கள், எனக்கு ஓய்வு. மூவருக்கும் எல்லாம் முடிவாகிவிட்டது. கேள்வி என் அப்பாவைப் பற்றியது.

அப்பாவுக்கு 76 வயது. சிங்கப்பூரின் ஜாலான் காயுவில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா சிலேத்தார் பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தார். சண்டர்லேண்ட் என்ற கடல் விமானங்கள் ஜொகூர் நீரிணையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்குவதைச் சிறு வயதில் பார்த்ததை அப்பா இன்னமும் கையை வீசிக் காட்டிச் சொல்வார். 1959இல் அவற்றை நிறுத்தியபோது அப்பாவுக்குப் பத்து வயது. பிறகு துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றார். இத்தனை ஆண்டில் ஒரு தடவைகூடச் சின்ன விமானத்தில் உட்கார்ந்ததில்லை.

வரைபடத்தில் தங்குமிடம் தேடும்போது ஸெல் அம் ஸேக்கும் காப்ரூனுக்கும் நடுவில் ஒரு குட்டி விமானத்திடல் இருப்பதைப் பார்த்தேன். நான்கு இருக்கை விமானத்தில் மலைகளைச் சுற்றிக் காட்டுகிறார்களாம். அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அந்த இடத்தின் படங்களைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடுபாதை 660 மீட்டர்தான் என்று படித்தேன். சுற்றிலும் மலைகள், தெற்கே மூவாயிரம் மீட்டருக்கும் மேல். அப்பா இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. என் மகனுக்கு 19 வயது. இளையர் விமான மன்றத்தில் பயிற்சி பெற்றுத் தனியார் விமானி உரிமம் வாங்கியவன். இப்போது தேசிய சேவையில் இருக்கிறான், விடுப்பு கிடைத்துவிட்டது. "தாத்தாவை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்" என்கிறான். என் அண்ணன் இதைக் கேட்டுவிட்டுக் கோலாலம்பூரிலிருந்து அழைத்துத் திட்டினார்.

மற்ற நாள்கள் நிரம்பிவிட்டதால் கடைசி நாளுக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். காலையில் எல்லோரும் வெந்நீர்க் குளம், பிற்பகல் மூன்றரைக்கு விமானம், மறுநாள் காலை ரயில். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இது சரியா?


உட்லண்ட்ஸ்வாசி:

அக்கா, கடைசி நாளில் மட்டும் வைக்காதீர்கள். நாங்கள் இரண்டு வருடத்துக்கு முன் அதே தவற்றைச் செய்தோம். கடைசி நாள் காலை ஒன்பதரைக்குப் பதிவு செய்திருந்தோம். விடிந்து பார்த்தால் ஏரியும் தெரியவில்லை, எதிர் வீடும் தெரியவில்லை, அப்படி ஒரு மூடுபனி. பகல் பன்னிரண்டு வரை காத்திருந்தோம். ஒரு மணிக்கு ரயில். ரயில் நகர ஆரம்பித்த பிறகு பனி விலகி, மலை முழுவதும் வெயிலில் பளபளவென்று நின்றது. என் சின்னவன் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அது வேறு விஷயம். முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தவறினால் அடுத்த நாள் இருக்கும்.

வெந்நீர்க் குளம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை முன்கூட்டி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. குளங்களில் நீச்சலுடை உண்டு. ஆனால் சோனா பகுதி தனி. அங்கே நீச்சலுடை அணியக் கூடாது, துண்டு மட்டும்தான், ஆண் பெண் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அந்த ஊரில் அது சாதாரண வழக்கம், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆனால் அப்பாவையும் வயது வந்த மகனையும் கூட்டிக்கொண்டு தெரியாமல் அந்தக் கதவைத் திறந்துவிட்டால் நம்மவர்களுக்குக் கூச்சமாகிவிடும். பெண்களுக்கு மட்டும் தனி இடம் இருக்கிறதா என்று நுழைவில் கேளுங்கள். வெளிக்குளம் மட்டும் தவறவிடாதீர்கள். உடம்பு வெந்நீரில், தலைமுடி நுனியில் பனி உறைந்து நிற்கும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் பாட் காஸ்டைன் ஒருநாள் போய் வாருங்கள். ஷ்வார்ஸாக் ஸாங்ட் ஃபைட் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். அங்கே நிலத்தடியிலிருந்து சூடாகவே தண்ணீர் வருகிறது, ஊர் நடுவில் பெரிய அருவியும் உண்டு.


பழைய ஸ்பேனர்:

தங்கச்சி, உங்கள் கேள்வியை நேற்று இரவு படித்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் சிலேத்தாரில் சிறிய விமானங்களைப் பழுது பார்த்து 31 ஆண்டு வேலை செய்தவன். ஓய்வு பெற்றபின் மனைவியின் முழங்காலுக்காக ஒரு ஜனவரியில் காப்ரூனில் எட்டு நாள் தங்கினோம். அவள் வெந்நீரில் இருந்த நேரமெல்லாம் நான் அந்த விமானத்திடலின் வேலியோரம் நின்றேன்.

முதலில் பதில்: அப்பாவை ஏற்றலாம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் அல்ல.

660 மீட்டர் என்றதும் பயப்படுகிறீர்கள். சிலேத்தார் ஓடுபாதை 1800 மீட்டருக்கு மேல், அதைப் பார்த்த கண்ணுக்கு இது அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள நடைபாதை போலத்தான் தெரியும். செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில், 15 டிகிரி குளிரில், முழுச் சுமையோடு அது ஏறத்தாழ 300 மீட்டர் ஓடிக் கிளம்பும். 15 மீட்டர் உயரத்தைத் தாண்ட மொத்தம் 500 மீட்டர் போதும். சரி, ஸெல் அம் ஸே கடல் மட்டத்தில் இல்லையே, 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் நம் ஊர்க்காரர்கள் நினைத்தே பார்க்காத ஒரு சங்கதி இருக்கிறது. விமானத்துக்கு உயரம் என்பது மீட்டரில் இல்லை, காற்றின் அடர்த்தியில் இருக்கிறது. சூடான காற்று இளைத்த காற்று. சிலேத்தாரில் பிற்பகல் 31 டிகிரி வெயிலில் நிற்கும் விமானம், தான் ஏறத்தாழ 600 மீட்டர் மலைமேல் நிற்பதாக நினைத்துத்தான் ஓடும். அதே விமானம் ஸெல் அம் ஸேயில் மைனஸ் 5 டிகிரியில் நின்றால் அதற்கு 200 மீட்டர் உயரம்போலத்தான் இருக்கும். நம்புங்கள், குளிர்காலத்தில் அந்த மலை ஊரில் என்ஜினும் இறக்கையும் சிலேத்தாரைவிட நன்றாக வேலை செய்யும். கோடையில் 30 டிகிரி அடிக்கும்போது கணக்கு தலைகீழாகி 1500 மீட்டர்போல் ஆகிவிடும். டிசம்பரில் அந்தக் கவலை இல்லை.

அதனால் ஓடுபாதையை விட்டுவிடுங்கள். கவனிக்க வேண்டியது வேறு மூன்று நான்கு இருக்கின்றன.

முதலாவது மூடுபனி. மேலே உட்லண்ட்ஸ்வாசி சொன்னது முற்றிலும் சரி, ஆனால் அவர் காலை ஒன்பதரைக்கு வைத்ததும் ஒரு தவறு. குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிடும், அதன்மேல் சற்றுச் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். ஏரி ஈரம் கொடுக்கும். வெயில் மலையைத் தாண்டி வந்து அடித்த பிறகுதான் கலையும். நான் இருந்த எட்டு நாளில் ஐந்து நாள் பத்தரை, பதினொன்றுக்கு மேல்தான் முதல் விமானம் எழுந்தது. உங்கள் மூன்றரை மணியும் வேண்டாம். டிசம்பரில் நாலரைக்கு முன்பே சூரியன் போய்விடும், மலை நிழல் அதற்கும் முன்னால் பள்ளத்தாக்கில் விழுந்துவிடும். பதினொன்றிலிருந்து இரண்டு வரை கேளுங்கள்.

இரண்டாவது, தெற்கிலிருந்து வரும் ஒரு காற்று. அந்த ஊரார் அதை ஃபொன் என்கிறார்கள். ஆல்ப்ஸின் முதுகைத் தாண்டி இந்தப் பக்கம் சரிந்து இறங்கும்போது அது சூடாகவும் வறட்சியாகவும் மாறிவிடும். அன்றைக்கு வானம் கண்ணாடிபோலத் துல்லியமாக இருக்கும், மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோலத் தோன்றும், குளிரும் திடீரென்று விட்டுவிடும். பறக்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா என்று நமக்குத் தோன்றும். ஆனால் மலை முகட்டுக்குப் பின்னால் காற்று அருவிபோல் கொட்டிக்கொண்டிருக்கும், சின்ன விமானத்தை உலுக்கி எடுத்துவிடும்.

இது நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. எனக்குக் குறித்திருந்த நாள் அப்படிப்பட்ட நாள்தான். கோட்டு போட்டுக்கொண்டு கேமராவோடு போய் நின்றேன். விமானி என்னைவிட இருபது வயது இளையவர். பேசாமல் என் தோளைப் பிடித்துத் திருப்பித் தெற்கே முகட்டைக் காட்டினார். முகட்டின் நுனியிலிருந்து பனி வெள்ளைப் புகைபோல நீளமாகப் பறந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே மூன்று மேகங்கள் தோசைகளை அடுக்கியதுபோல வழுவழுவென்று, நகராமல் நின்றன. "இன்றைக்கு இல்லை, நாளை வாருங்கள்" என்றார். மறுநாளும் அதே பதில். என் பணம் அவருக்கு வேண்டியதுதான், அன்றைக்கு வேறு வாடிக்கையாளரும் இல்லை. இருந்தும் இல்லை என்றார். நான் 31 ஆண்டில் பார்த்த நல்ல விமானிகள் எல்லோரும் இப்படித்தான். உங்கள் விமானி இல்லை என்று சொன்னால் தயவுசெய்து அவரிடம் கெஞ்ச வேண்டாம், அப்பாவையும் கெஞ்ச விடாதீர்கள்.

மூன்றாம் நாள் போனோம். அதற்கு முன் அவர்கள் செய்த வேலையை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இரவில் இறக்கைமேல் படிந்த உறைபனியை இரண்டு பேர் துடைத்தார்கள். மணற்காகிதம்போல லேசாகப் படிந்திருந்தாலே இறக்கையின் தூக்குவிசை 30 விழுக்காடு வரை குறையும், இழுவை 40 விழுக்காடு கூடும். அதனால்தான் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். என்ஜினுக்குள் குழாய் வைத்துச் சூடான காற்று ஊதினார்கள், குளிரில் எண்ணெய் பாகுபோல இறுகியிருக்கும். நான் பார்ப்பதைக் கண்டு அந்த மெக்கானிக் உள்ளே கூப்பிட்டார். அவருக்கு ஆங்கிலம் குறைவு, எனக்கு ஜெர்மன் கிடையாது. என்ஜின் மூடி திறந்திருந்தது. திருகாணி கழலாமல் கட்டும் லாக் வயர் முறுக்கியிருந்த விதத்தைக் காட்டி நான் கட்டைவிரலை உயர்த்தினேன். சீராக, இறுக்கமாக, திருகாணி எந்தப் பக்கம் கழலுமோ அதற்கு எதிராக இழுத்துக் கட்டியிருந்தார். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பயமும் இல்லை.

பறந்ததைப் பற்றி எழுதத் தொடங்கினால் விடிந்துவிடும். எழுந்ததும் உறைந்த ஏரி, அதன்மேல் மனிதர்கள் நடந்த தடம். பிறகு காப்ரூன் பள்ளத்தாக்கில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு நீர்த்தேக்கங்கள். மேலே இருப்பது மூஸர்போடன், 2000 மீட்டர் உயரத்தில். அதைத் தாண்டி ஏறினால் ஆஸ்திரியாவின் மிக உயரமான மலை கிரோஸ்குளோக்னர், 3798 மீட்டர். அதன் காலடியில் பாஸ்டெர்ஸே பனியாறு, நாட்டிலேயே நீளமானது. கீழ்ப்பக்கம் சாம்பல் நிறத்தில் சுருங்கிப்போய்க் கிடந்தது, அதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. வெளியே மைனஸ் 17 என்று கருவி காட்டியது. திரும்பும்போது கிட்ஸ்டைன்ஹோர்ன் சரிவில் சறுக்குபவர்கள் வெள்ளை வேட்டியில் சிந்திய கடுகுபோல இருந்தார்கள்.

இப்போது உங்கள் அப்பா. கிரோஸ்குளோக்னர் வரை போக வேண்டுமானால் விமானம் நாலாயிரம் மீட்டருக்குப் பக்கத்தில் பறக்க வேண்டும். நாம் மியூனிக் போகும் பெரிய விமானத்தில் உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள், அதனால் 1800 முதல் 2400 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோலத்தான் உடம்புக்கு இருக்கும். சின்ன விமானத்தில் அது கிடையாது. 3800 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குகூட இல்லை, ஐந்தில் மூன்று பங்குதான். புறப்படும் முன் உங்கள் போலிகிளினிக் மருத்துவரிடம் இந்த உயரத்தை எண்ணோடு சொல்லிக் கேளுங்கள். "சின்ன விமானத்தில் போகலாமா" என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

அங்கே போனதும் ஒன்று செய்யுங்கள். கிட்ஸ்டைன்ஹோர்ன் மலைக்குக் கம்பிவட வண்டியில் 3029 மீட்டர் வரை போகலாம். 1965இல் தொடங்கிய இடம், ஆஸ்திரியாவின் முதல் பனியாற்றுச் சறுக்குத்தளம். நடுவில் வண்டி மாறும் இடத்தில் கொஞ்ச நேரம் அப்பாவை உட்கார வைத்துப் பாருங்கள். தலைசுற்றல், மூச்சுவாங்கல் இல்லையென்றால் மேலே கூட்டிப் போங்கள். அங்கேயும் நன்றாக இருந்தால் விமானப் பயணத்தைப் பற்றி யோசிக்கலாம். மேலே சிரமப்பட்டால் விமானத்தை விட வேண்டியதில்லை, கிரோஸ்குளோக்னர் வேண்டாம், ஏரியும் பள்ளத்தாக்கும் போதும் என்று விமானியிடம் சொல்லுங்கள். தாழ்வாகவே சுற்றிக் காட்டுவார்.

வெந்நீர்க் குளம் பறப்பதற்குப் பிறகு. முன்னால் கூடாது. வெந்நீரில் இரத்தக் குழாய் விரிந்து அழுத்தம் இறங்கும், வியர்வையில் தண்ணீரும் போய்விடும். இரத்த அழுத்த மாத்திரை போடுபவரை அந்த நிலையில் நேராக மலைமேல் தூக்கிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, இதை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். சிலேத்தாரில் வேலை செய்த காலம் முழுவதும் விமானத்தின் ஹீட்டர் குமிழை யாரும் இழுத்து நான் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம், நம் ஊரில் அதற்கு என்ன வேலை? அங்கே அது இல்லாமல் பறக்க முடியாது. இந்த வகை விமானங்களில் புகைபோக்கிக் குழாயைச் சுற்றி வரும் காற்றுதான் சூடாகி உள்ளே வருகிறது. குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும், அதற்கு மணம் இல்லை. அதனால் ஆண்டுதோறும் கழற்றிச் சோதிப்பார்கள். கருவிப் பலகையில் அந்த வாயு பட்டால் கறுக்கும் வட்டம் கொண்ட சிறிய அட்டையோ மின்கருவியோ ஒட்டியிருக்கும். ஏறியதும் அதைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. அப்பாவுக்குத் தலைவலித்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். நம் பெரியவர்கள் அடுத்தவருக்குத் தொந்தரவு என்று வாயைத் திறக்க மாட்டார்கள்.

மகனைப் பற்றி இங்கே இளையவர்கள் யாராவது சொல்வார்கள். அப்புறம், உங்கள் தாத்தா சிலேத்தாரில் எந்தப் பக்கம் வேலை பார்த்தார்? என் மாமனாரும் அங்கேதான் இருந்தார், பிரிட்டிஷார் போகும் வரை.


செஸ்னாதம்பி:

அங்கிள் எழுதியதில் நான் சேர்க்க அதிகம் இல்லை. மகன் விஷயம் மட்டும்.

அக்கா, தம்பியிடம் மென்மையாகச் சொல்லுங்கள், அவன் இந்தப் பயணத்தில் தாத்தாவை ஓட்டிக்கொண்டு போக முடியாது. சிங்கப்பூர் உரிமத்தை வைத்து ஆஸ்திரியாவில் பதிவான விமானத்தைப் பொறுப்பு விமானியாக ஓட்ட அங்கே தனி அங்கீகாரம் வாங்க வேண்டும். அது ஆறு நாள் விடுமுறையில் முடிகிற வேலை இல்லை. ஆனால் அங்குள்ள பயிற்றுநரோடு பாடமாகப் பறக்கலாம், அப்போது கட்டுப்பாடு அவன் கையிலும் இருக்கும். நான் ஒரு செப்டம்பரில் அப்படித்தான் செய்தேன். உரிமம், பறந்த மணிக்கணக்குப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் மூன்றையும் கொண்டு போகச் சொல்லுங்கள். முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அனுபவமும் வேறு. சிலேத்தாரிலிருந்து கிளம்பினால் நமக்குக் கடலும் அடிவானமும் எப்போதும் கண்ணில் இருக்கும், மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்று அதை வைத்தே தெரிந்துகொள்வோம். பள்ளத்தாக்குக்குள் அடிவானமே கிடையாது. எதிரில் சரிவு ஏறிக்கொண்டே போகும், நமக்குத் தெரியாமல் நாமும் மூக்கைத் தூக்கிக்கொண்டே போவோம், வேகம் விழும். முதல் பத்து நிமிடத்தில் பயிற்றுநர் நான்கு தடவை வேகமானியைத் தட்டிக் காட்டினார். அப்புறம் பள்ளத்தாக்கின் நடுவில் பறக்கக் கூடாது. ஒரு சரிவை ஒட்டிப் போக வேண்டும், அப்போதுதான் திரும்பி வர முழு அகலமும் மிச்சம் இருக்கும். நடுவில் போனால் பாதி அகலம்தான். முகட்டை நேராகத் தாண்டாமல் சாய்வாக நெருங்க வேண்டும், காற்று கீழே தள்ளினால் சட்டென்று விலகிவிடலாம். இதையெல்லாம் தம்பி தாத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் தடவையாகக் கற்றுக்கொள்ளக் கூடாது.

அவன் கூர்செவல் காணொளிகளைக் காட்டி உங்களைப் பயமுறுத்தியிருந்தால், அது பிரான்சில் உள்ள வேறு வகை இடம். 2000 மீட்டர் உயரத்தில் 537 மீட்டர் ஓடுபாதை, 18 விழுக்காட்டுக்கும் மேல் சரிவு. மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கிப் புறப்படுவார்கள், தனித் தகுதி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. ஸெல் அம் ஸே ஓடுபாதை அகலமான பள்ளத்தாக்கின் தரையில் சமமாகக் கிடக்கிறது.

தம்பிக்கு உண்மையாகவே ஆர்வம் இருந்தால் தேசிய சேவை முடிந்ததும் ஒரு கோடையில் திரும்பப் போகச் சொல்லுங்கள். வடபக்கச் சரிவு தெற்கு நோக்கி வெயிலில் காய்வதால் காற்று எழும்பிக்கொண்டே இருக்கும். என்ஜின் இல்லாத கிளைடர்கள் அந்த மலைத்தொடரை ஒட்டி மணிக்கணக்கில் போய் வரும். அந்தப் பாதையை, அந்த வட்டாரத்தின் பெயரைச் சேர்த்து, ‘பின்ஸ்காவ் உலா’ என்ற பொருளில் அவர்கள் மொழியில் சொல்கிறார்கள். நான் பார்த்த அன்று ஏழெட்டுக் கிளைடர்கள் சத்தமே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.


ஜாலான்காயு மகள்:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உட்லண்ட்ஸ்வாசி, அந்த சோனா விஷயத்தைச் சொன்னதற்குத் தனி நன்றி.

நேற்று இரவு அப்பாவுக்கு இந்தப் பதில்களை முழுவதும் வாசித்துக் காட்டினேன். முகட்டிலிருந்து பனி புகையாகப் பறக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லித் திரும்ப வாசிக்கச் சொன்னார். பாரந்தூக்கியிலும் காற்று கூடினால் வேலையை நிறுத்திவிட்டு இறங்க வேண்டுமாம், எத்தனை கப்பல் காத்திருந்தாலும் சரி. "அந்தப் பையன் நல்ல ஆள்" என்று உங்கள் விமானியைச் சொன்னார்.

திட்டத்தை மாற்றிவிட்டேன். போய்ச் சேர்ந்த மறுநாள் கம்பிவட வண்டி. மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டுக்கு விமானம், தவறினால் நான்காம், ஐந்தாம் நாள்களில் அதே நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன். பறந்த பிறகுதான் வெந்நீர்க் குளம். மகன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இன்று காலை கேம்புக்குப் போகும் முன் பயிற்சிப் பாடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியதாகச் சொன்னான். அண்ணனுக்கும் இந்த இழையை அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை.

ஸ்பேனர் அண்ணே, தாத்தா தளத்தின் கிழக்கு முகாமில் பண்டகசாலையில் இருந்தார் என்று அப்பா சொல்கிறார். உங்கள் மாமனார் பெயரை இங்கே போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள். அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும் என்கிறார்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். அப்பா விமானிக்குப் பக்கத்தில் உட்காரலாமா, பின்னால்தான் உட்கார வேண்டுமா? முழங்கால் அவ்வளவாக மடங்காது.


பழைய ஸ்பேனர்:

தனிச்செய்தி அனுப்பிவிட்டேன் தங்கச்சி.

முன்னால்தான் உட்கார வேண்டும். விமானி இடப்பக்கம், அப்பா வலப்பக்கம். பதிவு செய்யும்போதே இறக்கை மேலே இருக்கும் விமானம் வேண்டும் என்று கேளுங்கள். இறக்கை கீழே இருக்கும் வகையில் இறக்கைமேல் ஏறி நின்று உள்ளே இறங்க வேண்டும், அவர் முழங்காலுக்கு அது முடியாது. தவிர, இறக்கை கீழே பார்ப்பதையும் மறைக்கும். செஸ்னாவில் கதவு கார்போலத் திறக்கும். முதலில் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள், சக்கரத்துக்கு மேலுள்ள சின்னப் படியில் ஒரு கால், பிறகு இடுப்பை உள்ளே வைத்துக் கடைசியாக மற்றக் காலைத் தூக்கி வைக்கட்டும். உட்கார்ந்ததும் இருக்கையை முன்னே இழுத்து, அது ‘டக்’கென்று பூட்டிக்கொண்டதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

எடை கேட்பார்கள். குளிர்க் கோட்டும் காலணியும் சேர்த்து உண்மையான எடையைச் சொல்லுங்கள். நான்கு இருக்கை இருந்தாலும், எரிபொருள் நிறைந்திருந்தால் நான்கு கனமான ஆள்களைச் சில சமயம் ஏற்ற முடியாது. நீங்கள் ஐந்து பேர் எப்படியும் ஒரே தடவையில் போக முடியாது. அப்பா, பேரன், நீங்கள் முதலில் போங்கள். பேரன் பின் இருக்கையிலிருந்து தாத்தாவுக்குக் கருவிகளை ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்லட்டும், தலையில் மாட்டும் கேட்பொறியில் நன்றாகக் கேட்கும்.

மாத்திரை வேளையையும் சாப்பாட்டையும் பன்னிரண்டு மணிக்கு ஏற்ப முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், சர்க்கரை இறங்கிவிடக் கூடாது. சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். இறங்கியதும் அப்பாவை முன்பக்கம் நடக்க விடாதீர்கள், மூக்கில் இருக்கும் சுழலி (ப்ரொப்பெல்லர்) நின்றிருந்தாலும் அதன் பக்கம் போகக் கூடாது. இறக்கைக்குப் பின்புறமாக நடக்கச் சொல்லுங்கள். அப்பா உயரமானவர் என்றால் குனிந்து வரட்டும், இறக்கையின் பின்விளிம்பு சரியாக நெற்றி உயரத்தில் இருக்கும்.